டீச்சருக்கு விளக்கிய ஐந்து கட்டங்கள்

அப்போது நான் பெருங்களத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். பம்மலில் வீடு. ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயில். எனக்குக் கொடுத்திருந்தது முதல் மாடியில் ஆண்கள் வார்டு. நோயாளிகளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் பல பேர், கொண்டு வந்த பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலேயே மாடிப்படி இறங்கிவிடுவார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, தன் தம்பிக்கு என்ன நோய், எதனால் வருகிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். அஸ்தினாபுரத்தில் வீடு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம்.

அந்த வார்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தயாராகி வருகிற இரும்புப் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கித் தள்ளும் வேலையில் இருந்தவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வார்டில் யார் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் காலால் நேராக்கிவிட்டுத்தான் நகர்வார். அவரும் அவருடைய அம்மாவும் முடிச்சூர் பக்கம் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தார்கள். அம்மாவுக்குக் கடுமையான மூச்சிழுப்பு. ஒரு வருஷம் பெரிய மழையில் ஏரி உடைத்துக்கொண்டு தண்ணீர் தெருவுக்குள் வந்தது. கரண்ட் போயிற்று. அம்மாவுக்கு மருந்துப் புகை கொடுக்கும் மெஷின் ஓடவில்லை. படகு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனார். போனவரால் திரும்பி வர முடியவில்லை. பின்னாலேயே தண்ணீர் ஏறிவிட்டது. மறுநாள் யாரோ மீனவர்களின் படகில் வந்து சேர்ந்தபோது, அம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்த நோய் வந்தது. வேலை போயிற்று. டீச்சர் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். டீச்சரின் கணவர் ஒரு வார்த்தை பேசாத மனிதர். பேசாமல் இருப்பதிலேயே தன் எதிர்ப்பைக் காட்டுபவர் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் நன்றாக இருப்பார் தம்பி. பிறகு ஒருநாள் எதையாவது தூக்கி அடிப்பார், எங்கள் வார்டில் கொண்டு வந்து சேர்ப்பார்கள். டீச்சரின் முன்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. கண்ணாடி டம்ளர் பட்டது. புடவைத் தலைப்பால் அதை மூடியே வைத்திருப்பார்.

ஒருநாள் மத்தியானம் வார்டு சாப்பிட்டு ஓய்ந்திருந்த நேரம். டீச்சர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வீட்டுல நல்லா பேசிட்டேதான் இருந்தான் சிஸ்டர். அடுத்த நிமிஷம் டிவியைத் தூக்கிப் போட்டான். எப்படி இப்படித் திடீர்னு ஆகுது?"

"திடீர்னு ஆகாது டீச்சர். அஞ்சு கட்டமா வரும். முதல் ரெண்டுல நாம பார்த்துட்டா மீதி மூணு வராமலே தடுத்துடலாம்."

நர்ஸிங் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். அதை அன்றைக்கு அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முதலில் தூண்டுதல். ஒரு சொல்லாக இருக்கலாம், ஒரு சத்தமாக இருக்கலாம். அந்த நேரத்தில் அவர் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார். பேச்சை மாற்றினாலே போதும். அடுத்தது ஏற்றம். வாய் பேசுவதற்கு முன்னால் உடம்பு பேச ஆரம்பிக்கும். அப்போது குறைவாகப் பேச வேண்டும், தள்ளி நிற்க வேண்டும், தொடவே கூடாது. முக்கியமாக, அவர் வெளியே போகிற வழியை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதையும் தாண்டினால் உச்சம். அங்கே எந்தப் பேச்சும் காதில் ஏறாது; அவருக்கும் மற்றவர்களுக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம்மால் முடிகிற காரியம். பிறகு தணிதல். பார்க்க அடங்கிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே அடங்கியிருக்காது. அந்த நேரத்தில் சீண்டினால் மறுபடியும் உச்சத்துக்கே போய்விடுவார். கடைசியில் துவண்டு போவது. அழுகை, வெட்கம், தன் மேலேயே வெறுப்பு. தனியாக விடக் கூடாத நேரம் அதுதான்.

டீச்சர் கவனமாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. முடித்த பிறகு, "தம்பிக்கு எதுல ஆரம்பிக்குது?" என்றார்.

"அம்மா விஷயம்தான். அதுலயும் 'விட்டுட்டுப் போயிட்ட'ங்கற வார்த்தை. வேற யாரோ வேற எதுக்கோ சொன்னாக்கூட அவருக்கு ஆகல. போன வாரம் பக்கத்து பெட்காரர் செருப்பை விட்டுட்டுப் போயிட்டேன்னு சொன்னதுக்கே எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டார்."

"ரெண்டாவது கட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சட்டையோட மேல் பட்டனைப் பாருங்க. கழட்டிக் கழட்டிப் போடுவார். அது ஆரம்பிச்சா நீங்க பேச்சை நிறுத்திடணும்."

"அதைக் கவனிக்காம யாராவது பேசிட்டே இருந்தா?"

"மூணாவதுக்குப் போயிடுவார்."

"எவ்வளவு நேரத்துல?"

"அதெல்லாம் சொல்ல முடியாது டீச்சர். களைப்பா இருந்தா, சரியாத் தூங்கலைன்னா, சீக்கிரமே."

அவர் தலையாட்டினார். பிறகு, பாடத்தை ஒப்பிப்பது போல, நான் சொன்னதை எல்லாம் முதலிலிருந்து வரிசையாகத் திருப்பிச் சொன்னார். "சரியா சிஸ்டர்?" என்று கேட்டுச் சிரித்தார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இப்படி ஒரு அக்கா எல்லோருக்கும் இருந்தால் எங்கள் வார்டில் பாதிக் கட்டில் காலியாகிவிடும் என்று அன்றைக்கு என் கணவரிடம் சொன்னேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, டீச்சரின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு குரோம்பேட்டை. படித்த, வசதியான குடும்பம். செய்தியை எனக்குச் சொன்னது டீச்சர் இல்லை, தம்பிதான்.

"நான்தான் தாய்மாமன் சிஸ்டர். ஒரே மாமன். சீர்த்தட்டு எடுத்துட்டு நான்தான் முன்னாடி நடக்கணும்."

அக்கா மகளை அவர்தான் தூக்கி வளர்த்தாராம். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, கல்லூரி சேரும்போது லைனில் நின்று விண்ணப்பம் வாங்கியது எல்லாம் அவர்தான். கல்யாணச் செய்தி வந்த பிறகு மாத்திரைக்கு யாரும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவரே கையில் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பார். நன்றாகத் தூங்கினார். மற்ற நோயாளிகளோடு கேரம் விளையாடினார். டாக்டருக்கே ஆச்சரியம். கல்யாணத்துக்குப் பத்து நாள் போல இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னவள் நான்தான்.

"டீச்சர்?"

"கேக்குது சிஸ்டர். சந்தோஷம். வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்தக் காலையில் அவர் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பையை இரண்டு தடவை பிரித்து அடுக்கிவிட்டார். ராத்திரி சந்தோஷத்தில் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னார். அதை டீச்சர் வந்ததும் அவரிடமும் சொன்னேன், சிரித்துக்கொண்டே. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் தம்பியோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார் டீச்சர். பார்வையாளர் அறை என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

தம்பி உள்பக்கம் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் எதிரில் இருந்த நாற்காலியைத் தூக்கி, கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வழியை மறைக்கக் கூடாது என்று நான் சொன்னதை மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"கல்யாண வீட்டுல நாலு பேர் வருவாங்க. உன்னைப் பார்த்தா கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க அக்கா?"

"அம்மா எப்படிப் போனாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"அது வேணாமே அக்கா."

"வேணாம்னா எப்படிடா? பதில் தெரிஞ்சிருக்கணும்ல. சொல்லு. அம்மா போகும்போது நீ எங்க இருந்த?"

"போட் கேக்கப் போனேன்."

"அம்மா உன்னைக் கூப்பிட்டிருப்பாங்க இல்ல? மாடியில தனியா."

அவர் கை சட்டையின் மேல் பட்டனுக்குப் போயிற்று. டீச்சர் அதைப் பார்த்தார். அவர் கண் அந்தக் கையின் மேல் நிலைத்திருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை. பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். நாற்காலி இடித்தது.

"டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்களேன்."

"இதோ சிஸ்டர், ஒரு நிமிஷம். குடும்ப விஷயம்."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். தம்பி எழுந்து நின்றுவிட்டார். கதவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "சிஸ்டர்" என்று என்னைத்தான் கூப்பிட்டார். நான் வார்டு அட்டெண்டரைச் சத்தம் போட்டு அழைத்தபடியே கதவை இன்னும் பலமாகத் தள்ளினேன். அதற்குள் டீச்சர் எழுந்து தம்பியின் பக்கத்தில் போய், இரண்டு கைகளையும் அவர் தோளில் வைத்தார். குழந்தையிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"விட்டுட்டுப் போயிட்டியேடா."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் அக்காவின் மேல் கை வைக்கவில்லை. அவருடைய கைகளை உதறிவிட்டு, சுவரில் தன் தலையை மோதினார். நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். கண்ணாடி உடைந்து வார்டுக்குள் சிதறியது. பிடிக்கப் போன என் மணிக்கட்டு பிசகியது. அட்டெண்டருக்கு உதடு கிழிந்தது. நாலு பேர் சேர்ந்து தரையில் அழுத்திப் பிடித்தோம். டாக்டர் மாடியேறி வந்து ஊசிக்குச் சொன்னார். ஊசி போட்டவள் நான். கட்டிலில் கையையும் காலையும் துணிப்பட்டையால் கட்டினோம். இஸ்திரி போட்ட சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. "போட் கேக்கத்தான் போனேன், போட் கேக்கத்தான் போனேன்" என்று நாக்குக் குழறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் டாக்டர் அறையில் அழுதார். நடிப்பு இல்லை, கண்ணீர் நிஜமாகவே கொட்டியது.

"இப்படி இருக்கறவனை எப்படி டாக்டர் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறது? என் பொண்ணு வாழ்க்கை என்ன ஆகும்?"

வீட்டுக்கு அனுப்புவதை டாக்டர் தள்ளிப் போட்டார். கல்யாணமெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

நான் குழாயடியில் மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"ரொம்ப வலிக்குதா சிஸ்டர்? சாரி."

நான் குழாயை மூடினேன்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா வந்தது சிஸ்டர். கரெக்டா."

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. வெற்றி இல்லை. வகுப்பு முடிந்து வெளியே வருகிற ஒரு ஆசிரியையின் களைப்புதான் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

டாக்டரிடம் சொன்னேன். கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டதிலிருந்து, தோளில் கை வைத்ததுவரை, எல்லாவற்றையும்.

"வேணும்னே பண்ணினாங்கன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"அவங்க எத்தனை வருஷமா அவரைத் தனியா சமாளிச்சிட்டிருக்காங்க தெரியுமா? கல்யாண டென்ஷன்ல ஏதோ பேசியிருப்பாங்க. சொந்தக்காரங்க மேல நாம இப்படி எண்ணம் வச்சுக்கக் கூடாது சிஸ்டர்."

உதட்டில் தையல் போட்டுக்கொண்டு வந்த அட்டெண்டருக்கோ டீச்சர் மேல் அனுதாபம். "இன்னா சிஸ்டர் நீ. இதே கலாட்டாவ மண்டபத்துல பண்ணிக்கினு இருந்தா அந்தப் பொண்ணு கதி இன்னா? அந்தம்மா தப்பிச்சுது. நமக்குத்தான் பேஜாரு."

அவர் சொன்னதை ஒரேயடியாகத் தப்பு என்று தள்ளவும் முடியாது. ஒரு மண்டபம், முன்னூறு பேர், மேடையில் மணப்பெண், அங்கே ஏதாவது ஒரு கிழவர் "அம்மாவ விட்டுட்டுப் போயிட்டியேப்பா" என்று சும்மா துக்கம் விசாரித்தால்? டீச்சர் இந்தக் காட்சியைப் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார். பயப்படுவதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை என்னிடமோ டாக்டரிடமோ சொல்லியிருக்கலாம். ஒரு அட்டெண்டரைத் துணைக்கு அனுப்பி, சடங்கு முடிந்ததும் திரும்ப அழைத்து வந்திருக்கலாம். தம்பியிடமே கேட்டிருந்தால்கூட, அவர் வரவில்லை என்று ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் அப்படிச் செய்திருந்தால், வர வேண்டாம் என்று சொன்னவள் அக்கா என்றாகியிருக்கும். வராமல் போனதற்குக் காரணம் தம்பிதான் என்று ஆக வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டம் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. என் மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதார். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். டம்ளர், பெல்ட், துண்டு எதையும் பக்கத்தில் விடாமல் முறை போட்டுக் காவல் இருந்தோம். கல்யாண நாளன்று காலையில் மட்டும் எழுந்து குளித்தார். பையிலிருந்த பட்டு வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து பெட்காரர், "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார்.

"எங்க வீட்டுலதான்."

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார். "தாலி கட்டியிருப்பாங்களா சிஸ்டர்?"

"கட்டியிருப்பாங்க சார்."

"தட்டு யார் எடுத்தாங்களோ."

வேட்டியை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். கைலிக்கு மாறிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, டீச்சருக்கு விளக்கியதை அவருக்கும் விளக்கினேன். உடம்பு எப்படி முன்கூட்டியே சொல்லும், சொல்லும்போது எப்படி எழுந்து நகர்ந்துவிடுவது என்று. பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சுது சிஸ்டர். அக்கா ஆரம்பிச்சவுடனே தெரிஞ்சுது. வெளிய போயிடணும்னுதான் எழுந்தேன். கதவுக்கு முன்னாடி அக்கா உட்கார்ந்திருந்தா."

"வேணும்னே உட்கார்ந்தாங்கன்னு உங்களுக்குத் தோணுச்சா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்காவுக்கு வேற என்ன வழி இருந்தது?" என்றார்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் டீச்சரைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அக்கா மகள் வந்தாள். தனியாக. கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் புதுசு. தாம்பரத்தில் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்தத் தடவை பார்வையாளர் அறையில் நானும் போய் உட்கார்ந்தேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். அவளைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்ததை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"வா பாப்பா. நல்லா வச்சிருக்காங்களா?"

"நல்லா இருக்கேன் மாமா." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. கல்யாண போட்டோக்களைப் போனில் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். சீர்த்தட்டு எடுத்திருந்தது டீச்சர் கணவரின் தம்பி.

பிறகு அவள் போனை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வீட்டுல நீங்க துபாய்ல இருக்கீங்கன்னு சொல்லியிருக்கு. லீவு கிடைக்கல, அதான் வரலைன்னு அம்மா சொல்லிட்டாங்க. எப்பவாவது அவர் உங்ககிட்ட போன்ல பேசணும்னு சொன்னா..."

அவள் முடிக்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"எந்தக் கம்பெனின்னு சொல்லட்டும்?"

"ஏதோ கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனின்னு அம்மா சொன்னாங்க."

"அங்க இப்ப மணி என்ன இருக்கும்? நம்மளைவிடப் பின்னாடிதானே?"

"ஒன்றரை மணி நேரம் பின்னாடி மாமா."

"சரி. ஞாபகம் வச்சுக்கறேன்."

அவள் எழுந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். அவள் கீழே இறங்கி ஆட்டோ ஏறும் வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கைகளையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கட்டம் வரவில்லை, முதல் கட்டம்கூட வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதாக அடுத்த ஷிப்ட் சிஸ்டர் சொன்னாள். வார்டில் எல்லோரும் அதை நல்ல முன்னேற்றம் என்றார்கள்.

அவரை அஸ்தினாபுரத்துக்கு அழைத்துப் போகவில்லை. கூடுவாஞ்சேரியில், புதிதாக மனை பிரித்த ஒரு இடத்தில், ஒற்றை அறை பார்த்து வைத்தார் டீச்சர். ஓனரிடமும் துபாயிலிருந்து திரும்பி வந்தவர் என்று சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அனுப்பும் நாளில் டீச்சர் கணவர்தான் வந்தார். கையெழுத்துப் போட்டார், பையை எடுத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அந்த வேலையில் நான் இன்னும் சில மாதங்கள் இருந்தேன். சொந்தக்காரர்களுக்கு விளக்குவது என் வேலை என்பதால் விளக்குவதை நிறுத்த முடியவில்லை. ஆனால் யாராவது "எவ்வளவு நேரத்துல?" என்று கேட்டால், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "ஏன் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் பயந்துபோன பாவப்பட்ட ஜனங்கள். நான் கேட்ட தொனியில் இன்னும் பயந்துபோவார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள். பிறகு தாம்பரத்தில் ஒரு பொது மருத்துவமனையில் இடம் கிடைத்து மாறிவிட்டேன். அங்கே வருகிறவர்களுக்குக் காய்ச்சல், கால் முறிவு, பிரசவம். அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

போன வருஷம் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் கிரகப்பிரவேசத்துக்குக் கூடுவாஞ்சேரி போயிருந்தேன். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் கடைத்தெருவில் "சிஸ்டர்!" என்று ஒரு குரல். அவர்தான். முடி நரைத்திருந்தது, உடம்பு தேறியிருந்தது. ஒரு சின்ன கம்பெனியில் பாட்டில் மூடிகளைச் சோதிக்கிற வேலைக்குப் போகிறார். மாத்திரையை நிறுத்தவில்லை. இங்கே வந்த பிறகு ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையில் ஒரு பளபளப்பான பை வைத்திருந்தார்.

"பாப்பாவுக்குப் பையன் பிறந்திருக்கான் சிஸ்டர். நாளைக்குப் பேர் வைக்கிறாங்க."

"அடடே! போறீங்களா?"

"நான் துபாய்ல இல்ல இருக்கேன்?" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பையைத் திறந்து காட்டினார். ஒரு டப்பா பேரீச்சை, சென்ட் பாட்டில், வெளிநாட்டு சோப்பு, குழந்தைக்கு ஒரு போர்வை. "பர்மா பஜார் போய் வாங்கினேன். மாமா அனுப்பினதுன்னு கொடுக்கணுமாம். அக்கா இப்ப வந்து வாங்கிட்டுப் போவா."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "சிஸ்டர், நல்லா இருக்கீங்களா? கை சரியாயிடுச்சா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கை நினைவில் இருந்தது அவருக்கு. நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் ஒரு டிபன் டப்பாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பையை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"சென்ட் வேணாம்டா. பச்சைக் குழந்தை இருக்கற வீடு. பாப்பாவோட மாமியாருக்கு வாடை ஆகாது."

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டோ திரும்பி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போய்விட்டது. அவர் ஒரு கையில் டிபன் டப்பாவும் இன்னொரு கையில் சென்ட் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வச்சுக்கோங்க சிஸ்டர். எனக்கு எதுக்கு?"

வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. ரயில் ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் பையெல்லாம் நனைந்து, பெட்டி முழுக்க மணத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனாள். பல்லாவரம் வரை நான் ஜன்னலோரம் தனியாகத்தான் உட்கார்ந்து வந்தேன்.